முதுகுப்பக்கத்துக் கொக்கி

அலுவலகத்தில் அவளைக் கவசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி விளையாட்டில் சண்டை போடுகிறவர்களுக்குக் கவசம் வரைவது அவள் வேலை. வரைந்ததை ரப்பர் பாயில் வெட்டி ஒட்டி, வீட்டில் தங்கைக்கு மாட்டிப் பார்ப்பாள். வில்லாளியால் கையைத் தூக்க முடியவில்லையா, தோள்தகடு குப்பைக்குப் போகும். திருடனுக்கு இரும்பே கிடையாது. நடந்தால் சத்தம் போடுகிற திருடன் எந்த ஊரில் பிழைப்பான்? "மாவீரன் வேஷத்துல குனிஞ்சு செருப்புகூட மாட்ட முடியலக்கா" என்று தங்கை அலுத்துக்கொண்ட அன்றே அவனுடைய இடுப்புத் தகட்டை மூன்றாகப் பிரித்தாள்.

அந்த மாவீரனைத்தான் தலைமை ஓவியர் முழுசாக விழுங்கினார். அவள் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து, "என் கற்பனை" என்று முதலாளிக்குக் காட்டிவிட்டார். கேட்டதற்கு, "எல்லாரும் ஒரே குழுதானம்மா, இதுல என்ன உன்னுது என்னுது?" என்றார். அவள் சண்டைக்குப் போகவில்லை. ஆறப்போட்டு அடிக்கிற ரகம் அவள்.

விளையாட்டின் வெளியீட்டு விழாவில், நிஜத் தகட்டில் செய்த மாவீரன் கவசத்தை வடிவமைத்தவரே போட்டுக்கொண்டு மேடையேறவேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். அந்த ஆசையை அவர் காதில் போட்டது யாரென்று வேறு சொல்லவேண்டுமா?

திரைக்குப் பின்னால் அவளே மாட்டிவிட்டாள். தலைக்கவசத்தை உடம்போடு பூட்டும் கொக்கி முதுகுப்பக்கம். உதவிக்கு ஆள் இல்லாமல் மாவீரன் அதைப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. வரைந்தவளுக்கு அது தெரியும். திருடியவருக்கு எப்படித் தெரியும்?

"தலைக்கவசத்தக் கழட்டிட்டு நாலு வார்த்தை பேசுங்க சார்" என்று முதலாளி மைக்கை நீட்டினார். ஓவியர் கழுத்தைத் தடவினார், மார்பைத் தடவினார், சொம்புக்குள் தலை மாட்டிய பூனை மாதிரி சுற்றிச்சுற்றி வந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நீங்க செஞ்சதுதானே? கொக்கி எங்க இருக்கு?" என்றார் முதலாளி.

முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவள், கண்குளிரப் பார்த்து முடித்த பிறகே எழுந்தாள். மேடையேறி மைக்கை அவர் வாய்ப்பக்கம் பிடித்தாள்.

"இத யாரு செஞ்சதுன்னு சொல்லுங்க சார். கழட்டிவிடறேன்."

உள்ளேயிருந்து முனகல் வந்தது.

"சத்தமா."

"நீங்கதான்! நீங்கதான் செஞ்சீங்க, நான் இல்ல!"

தலைக்கவசத்தை மட்டும் கழற்றினாள். வியர்த்து வழிந்த முகத்தை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"மீதி?" என்றார் பரிதாபமாக.

"எல்லாரும் ஒரே குழுதானே சார். யாராவது வந்து கழட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.