கிழங்குக்கு ஒரு புள்ளி

ஐந்து ஆட்டங்களில் ஐந்தையும் வென்ற குழு வலியதா, தன்னைவிட வலியவர்களோடு மோதி இரண்டை மட்டும் வென்ற குழு வலியதா? ஜப்பானியர் மலாக்காவை ஆண்ட காலத்தில், என் பத்தாவது வயதில், இந்தக் கேள்விக்கு ஒரு சிலேட்டில் விடை எழுதினேன். விடையில் பிழை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்போது காற்பந்துக் குழுக்கள் இரண்டு வட்டங்களாகப் பிரிந்து ஆடின. காஜா பேராங் பக்கத்தவை ஒரு வட்டம். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டங்கள் மற்றொன்று. எங்கள் வட்டத்தில் என் தாய்மாமனின் குழு முதலிடத்தில் இருந்தது. மற்ற வட்டத்தில் ஒரு ரப்பர்த் தோட்டக் குழு. இரண்டும் ஒன்றோடொன்று மோதியதே இல்லை. அந்த நிலையில், நகரத் திடலில் சிப்பாய்களோடு ஆட ஊரிலிருந்து ஒரு குழு வேண்டுமென்று உத்தரவு வந்தது. வென்றாலும் தோற்றாலும் ஆட்டக்காரருக்கு ஆளுக்கொரு காந்தாங் அரிசி, ஏறக்குறைய மூன்று படி. எங்கள் வீட்டில் சோறு பொங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

மறுநாளே பெயர் கொடுக்க வேண்டியிருந்ததால் இரு குழுக்களையும் மோதவிட்டுப் பார்க்க நேரமில்லை. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சந்தையருகே மளிகைக் கடை வைத்திருந்த, எல்லோரும் 'நானா' என்று அழைத்த ராவுத்தரிடம் வந்தது. தத்தம் வட்டத்துக்கு வெளியே யார் யாரோடு ஆடினார்கள் என்பதைப் பார்த்து முடிவு சொல்வதாக அவர் அறிவித்தார். அன்று காலை முழுவதும் நான் உட்கார்ந்து ஒரு முறையை வகுத்தேன். எதிரணி எவ்வளவு வலியது என்பதை அது என்ன உண்கிறது என்பதைக் கொண்டு அளந்தேன். கூலியாக அரிசி பெறும் துறைமுகச் சுமைக்காரர்களுக்கு மூன்று புள்ளி. மீன் கிடைக்கும் உஜோங் பாசிர்க்காரர்களுக்கு இரண்டு. மரவள்ளிக்கிழங்கை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஒன்று. வென்றாலும் தோற்றாலும் ஆடியதற்கே புள்ளி. யார் வீட்டில் என்ன வேகிறது என்பது அந்நாளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

மாலையில் மாமா என்னை ராவுத்தரின் கடைக்கு அழைத்துப் போனார். அலமாரிகள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. தோட்டக் குழுவின் தலைவர், பால்வெட்டுத் தொழிலாளி, நெடிய மெலிந்த மனிதர், ஒரு காலிப் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தார். நான் சிலேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

"எங்க மாமா ஆடின அஞ்சும் அரிசிக்காரங்களோடயும் மீன்காரங்களோடயும்தான். மொத்தம் பன்னெண்டு புள்ளி. இவங்க ஆடின அஞ்சும் கிழங்குக்காரங்களோட. அஞ்சே புள்ளி. அவங்கள்ல புக்கிட் காதில் ஊரு கோல்கீப்பருக்குப் பல்லே கிடையாது."

"பந்தைக் கடிச்சா புடிக்கப் போறாரு, பாப்பா?" என்றார் தோட்டத் தலைவர். கடையே சிரித்தது. எனக்கு மட்டும் கோபம் வந்தது.

"அந்தக் கிழங்குக்காரங்க குழுவுல எல்லாம் கிழவங்களும் சின்னப் பசங்களும்தான். நடுவுல ஆளே இல்ல" என்றேன்.

"நடுவுல உள்ளவங்களத்தான் சயாமுக்கு ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போயிட்டாங்களே" என்று அவர் மெல்லச் சொன்னார். அதையும் எனக்குச் சாதகமான சான்றாகவே எடுத்துக்கொண்டேன்.

ராவுத்தர் மாமாவின் பக்கம் திரும்பினார். "உஜோங் பாசிருக்கு மூணு தரம் போயிருக்கீங்க. ரெண்டு தரம் தோத்திருக்கீங்க. அப்புறமும் ஏன்பா போனீங்க?"

மாமா தலையைச் சொறிந்தார். போய் ஆடுகிறவர்களுக்கு அழைத்தவர்கள் உணவிட வேண்டும் என்பது அக்காலத்து வழக்கம். "மீன் கஞ்சி ஊத்துறாங்க, நானா" என்றார்.

மறுபடியும் சிரிப்பு. மாமாவும் சேர்ந்து சிரித்தார். ராவுத்தர் தோட்டத் தலைவரைக் கேட்டார்: "நீங்க எங்கயாச்சும் போய் ஆடினீங்களா?"

"இல்ல நானா. எல்லாரையும் தோட்டத்துக்குத்தான் கூப்பிட்டோம். ஆளுக்கு ரெண்டு துண்டு கிழங்கு, கொஞ்சம் மிளகாச் சம்பால். வேற யாரு அவங்கள கூப்பிடுறா?"

அத்துடன் மாமாவின் சிரிப்பு நின்றது. ராவுத்தர் சிலேட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கடைசியில், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றும், வலிய குழுவை அனுப்பாவிட்டால் சிப்பாய்கள் ஊரையே ஏளனமாக நினைப்பார்கள் என்றும் சொல்லி மாமாவின் குழுவைத் தேர்ந்தெடுத்தார். தோட்டத் தலைவர் எழுந்து மாமாவின் தோளைத் தட்டினார். "ஒரு கோலாவது போட்டுட்டு வா, தம்பி."

திரும்பும்போது மாமா என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம். மாமா ஒன்று போட்டார். அதுவும் ஒரு சிப்பாயின் முதுகில் பட்டு உள்ளே போனது. ஆனால் சொன்னபடி அரிசி கிடைத்தது. அம்மா முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கையில் மாமா வந்து, "பாதியக் குடு, அக்கா" என்றார். அவருடைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பங்கில் பாதியைக் கொண்டுவந்து வாசலிலிருந்த சாக்கில் கொட்டினார்கள். அந்தச் சாக்கு புக்கிட் ரம்பாய்க்குப் போகிறது என்று அறிந்ததும் நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். "என் சிலேட்டால வந்த அரிசி அது. தோத்தவங்களுக்கு ஏன் குடுக்கிறீங்க?"

"அவங்க எங்க தோத்தாங்க?" என்றார் மாமா. அதற்கு என்னிடம் உடனே பதில் இருந்தது. புள்ளிகளை மீண்டும் ஒப்பித்தேன். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு முறத்தை இரண்டாக வகுத்தார்.

அடுத்த வாரம் உஜோங் பாசிரிலிருந்து அழைப்பு வந்தும் மாமா போகவில்லை. புக்கிட் காதில் குழுவைத் தம் திடலுக்கு வரச் சொன்னார். ஏழு கோல் வாங்கியதில் அவருக்குத் துணிவு போய்விட்டது, அதனால்தான் எளிய எதிரிகளைத் தேடுகிறார் என்று முடிவு கட்டினேன். அவருக்காக வெட்கப்பட்டு, பள்ளியில் அந்த ஆட்டங்களைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருந்தேன்.

போர் முடியும்வரை மாமாவின் குழு வெளியே போய் ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் திடலுக்கு ஆட வருகிறவர்களுக்கும் சேர்த்து அம்மா இரண்டு பானைக் கிழங்கு அவித்தார். ஆனால் என் தட்டில் ஒரு துண்டு குறைந்தது.