களைந்து, தனியாகத் துவைக்கவும்

இரண்டு மாசத்துக்கு முன்னால் என் பட்டு ரவிக்கைத் துணி பாதி மயிலோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இடது கைப் பகுதியில் மயில் தோகை விரித்து, கல்லும் மணியுமாக ஜம்மென்று நிற்கிறது. வலது கைப் பகுதியில் வெறும் பென்சில் கோடு. அண்ணன் மகள் கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை மயில், ஒரு கை மொட்டை என்று போய் நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

கோபம் வந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கேஸ் ஏஜென்சி, பால் பூத், பேரனின் பள்ளிக்கூடம்... யாரையும் விட்டதில்லை. அன்றைக்கும் கிளம்பினேன்.

எஸ்தர் எங்கள் கும்மிடிப்பூண்டியில் ஆரி ஒர்க் செய்கிறவள். மரச் சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் குத்திக் குத்தி எடுப்பாள். பூ வரும், கிளி வரும், யானை வரும். அதைவிடப் பெரிய விஷயம், சொன்ன தேதிக்குக் கொடுத்துவிடுவாள். ரவிக்கை உலகத்தில் இது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று பெண் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண சீசன் வந்தால் பொன்னேரியிலிருந்துகூட ஆள் வரும். மார்க்கெட் தெருவில் சின்னதாக ஒரு கடை பார்த்திருந்தாள். ‘எஸ்தர் ஆரி ஒர்க்ஸ்’ என்று போர்டு எழுதி வாங்கி, மாட்டுகிற நாளுக்காக பீரோ பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள்.

வீட்டுக் கதவை முழங்கையால் திறந்தாள். இரண்டு கையிலும் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது.

“என்ன எஸ்தர், பாதியில...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். அவள் துணியைப் பிரித்துக் காட்டினாள். விரல் முழுக்கச் சிவந்து, வெடித்து, வெடிப்பில் நீர் கசிந்துகொண்டிருந்தது. நகத்தைச் சுற்றித் தோலே இல்லை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். திருப்பியிருக்கக் கூடாது.

“பட்டு நூலு வெரல்ல மாட்டிக்கினு இழுக்குதுக்கா. ஒங்க துணில ரத்தம் கித்தம் பட்டுடப் போவுதுன்னுதான் குடுத்து அனுப்பிட்டேன்” என்றாள்.

என் துணிக்காகக் கவலைப்பட்டிருக்கிறாள்! சண்டை போட வந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? உட்கார்ந்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

மாசக் கணக்காகவே கை இப்படித்தான் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. முதலில் பார்த்த டாக்டர் சோப்புத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். தூளை மாற்றினாள். பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்பை மாற்றினாள். மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய்... எல்லாம் ஆயிற்று. கடைசியில் திருவள்ளூரில் ஒரு தோல் டாக்டரம்மாதான், அதுவரைக்கும் யாருக்கும் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டாராம்: “உங்க வீட்டுக்காரர் எங்க வேலை செய்றார்?”

வீட்டுக்காரர் தேவராஜ். இங்கே தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. தரைக்குப் பூசுகிற பெயிண்டோடு கலக்க ‘ஹார்டனர்’ என்று ஒரு திரவம் உண்டு. கலந்த பிறகு கல் மாதிரி இறுக்கிவிடும். அதை டின்களில் ஊற்றி அடைப்பது அவர் வேலை. கம்பெனி கையுறை கொடுத்திருக்கிறது, கண்ணாடி கொடுத்திருக்கிறது. தேவராஜ் இரண்டையும் கழற்றவே மாட்டார். பாதுகாப்பு வார விழாவில் பரிசாக டிபன் பாக்ஸ் வாங்கிய மனிதர். ஆனாலும் ஊற்றும்போது யூனிஃபார்மில் தெறிக்கத்தானே செய்யும்?

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷிஃப்ட் முடிந்து அவரும் வந்துவிட்டார். கை விஷயம்தான் பேசுகிறோம் என்று தெரிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டினார். அந்த ஹார்டனரைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி என்று கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த அட்டை. கம்ப்யூட்டரே தமிழில் போட்டுக் கொடுத்ததாம். படங்கள் பளிச்சென்று இருந்தன. அதில் ஒரு வரி:

‘மாசடைந்த ஆடைகளைக் களைந்து, மறுமுறை அணியும் முன் தனியாகத் துவைக்கவும்.’

பிழையில்லாத தமிழ். ஒற்று மிகும் இடத்தில் மிகுந்திருக்கிறது. நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

தேவராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாந்தாங்கா படிச்சிக் காமிச்சேன். களைந்துன்னா இன்னான்னு கேட்டா. அரிசி களையற மாதிரி, நல்லா களைஞ்சி களைஞ்சி தண்ணி மாத்தணும்னு நாந்தான் சொன்னேன். தனியான்னு போட்டுக்கீதே, கொயந்தைங்க துணியோட மிஷின்ல போட்டுடாதன்னும் நாந்தான் சொன்னேன்.”

புரிகிறதா? அட்டை சொன்னது ஆடையைக் கழற்றச் சொல்லி. இவர்கள் வீட்டில் ‘களைவது’ என்றால் அரிசியைத்தான். அதனால் எஸ்தர் தினமும் அந்த யூனிஃபார்மை பக்கெட்டில் போட்டு, வெறுங்கையால் அலசி, தண்ணீரை வடித்து, மறுபடி அலசி, பிறகு தனியாகக் கையாலேயே கும்மித் துவைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய வாஷிங் மிஷின் பக்கத்திலேயே சும்மா நின்றிருக்கிறது. கையுறையா? அது கம்பெனியில், தேவராஜின் லாக்கரில் பத்திரமாக இருந்தது.

அதைவிட ஒன்று சொன்னார்.

“அட்டைய கடாசிட்டவன் ஊட்லல்லாம் ஒண்ணும் ஆவலக்கா. எல்லாத் துணியோடயும் மிஷின்ல போட்டுட்டு போய்க்கினே இருக்கானுங்க. அவனுங்க பொண்டாட்டி கை நல்லாக்கீது. சொன்னபடி செஞ்சவன் நான் ஒர்த்தன்தான்.”

எஸ்தர் வேட்டித் துணியை மறுபடி கையில் சுற்றிக்கொண்டாள். காபி போடட்டுமா என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கையோடு! வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. யாரையாவது திட்டியாக வேண்டும். என் தம்பி பாஸ்கரனை இதுவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தியதில்லை. இரசாயனக் கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்கிற ஓர் அலுவலகத்தில் இருக்கிறான். அந்த அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அவன் அலுவலகத்தின் பெயர் இருந்தது. ராத்திரி டிபனுக்கு வாடா என்று கூப்பிட்டேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வா என்றேன்.

அக்கா கம்ப்யூட்டரில் ஆர்வம் காட்டுகிறாளே என்று அவனுக்கு ஒரே சந்தோஷம், பாவம். தோசைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு விளக்க ஆரம்பித்தான். என்ன பொருள், எவ்வளவு நேரம் கையாளுகிறார்கள், திறந்த பாத்திரமா மூடியதா, காற்றை வெளியே தள்ளும் விசிறி உண்டா, கையுறை உண்டா... எல்லாவற்றையும் கொடுத்தால் சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு சிவப்பு அல்லது பச்சை காட்டும். சிவப்பு வந்தால் விசிறியைச் சேர், நேரத்தைக் குறை, கையுறையைச் சேர். பச்சை வந்ததும் ஒரே க்ளிக். எந்த மொழி வேண்டுமோ அந்த மொழியில் அட்டை வந்து விழும்.

நல்ல சாஃப்ட்வேர்தான், பொய் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் டிரம்மில் ஒரு மண்டை ஓடு படம் இருக்கும். அதையும் பெயிண்ட் வழிந்து மறைத்திருக்கும். இப்போது தொழிலாளியின் பையில் அவன் மொழியிலேயே அட்டை இருக்கிறதே!

எஸ்தரின் கையை போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதை அவன் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“கையுறை போட்டா பச்சைதான்க்கா வருது” என்றான் மெதுவாக.

“யார் கையில கையுறை?” என்று கேட்டேன்.

லேப்டாப்பை இழுத்து, யார் யாருக்கு ஆபத்து என்று கணக்குப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் உருட்டினான். நானும் எட்டிப் பார்த்தேன். தொழிலாளி இருந்தார். பெயிண்ட் வாங்குகிறவர் இருந்தார். பூசுகிறவர் இருந்தார். அதற்குக் கீழே மீன் படம் போட்டு ஒரு பக்கம். கழிவு நீர் ஏரிக்குப் போனால் மீனுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமாம். பார்க்க வேண்டியதுதான், மீனும் உயிர்தானே. ஆனால் எஸ்தருக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

“அது கேக்குற கேள்விக்குத்தானேக்கா நான் பதில் போட முடியும்?” என்றான் தம்பி.

“அது கேக்காததை நீ கேட்டிருக்கலாம் இல்ல?” என்றேன். என் வாய் அப்படி. அவன் பாதி தோசையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. கேட்ட அத்தனை கேள்விக்கும் நேர்மையாக பதில் போட்டிருக்கிறான். கம்பெனி கையுறை கொடுத்திருக்கிறது. தேவராஜ் அட்டையை அக்ஷரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். எஸ்தர் சொன்னதைச் செய்திருக்கிறாள். இதில் யாரைப் போய்த் திட்டுவது? எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு விலாசமே கிடைக்கவில்லை.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நம் அறிவிப்புகளில் எழுவாயே கிடையாது. ‘வரிசையில் வரவும்’, ‘காலணிகளை வெளியே விடவும்’, ‘சில்லறை தரவும்’... எல்லாம் ‘-வும்’தான். யார் என்று சொல்வதில்லை. வெளியே அது யாராகவும் இருக்கலாம். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் அந்த ‘-வும்’ நேராக அடுப்படிக்குத்தான் வரும். தண்ணீர் பிடிக்கவும், சிலிண்டர் புக் செய்யவும், துவைக்கவும். யார் என்று எந்த வீட்டிலாவது சந்தேகம் வந்திருக்கிறதா? தேவராஜ் அந்த வரியைப் படித்தபோது, அது தனக்குச் சொன்னது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எஸ்தருக்கும் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தோன்றியிருக்காது.

தம்பி சும்மா இருக்கவில்லை. அந்த வாக்கியத்தை மாற்ற முடியாதாம், எல்லா மொழிக்கும் பொதுவாகப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். ஆனால் கம்பெனியோடு பேசி, கணக்கைத் திரும்பப் போட்டு, அட்டையில் ஒரு வரி சேர்க்க வைத்துவிட்டான். யூனிஃபார்மை இனி உள்ளேயே மிஷினில் துவைப்பதென்று முடிவாகியிருக்கிறது. தேவராஜ் இப்போது சொந்தச் சட்டையில் வீடு திரும்புகிறார்.

கை? வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது. ஆனால் டாக்டரம்மா ஒன்று சொல்லிவிட்டார். ஒரு பொருள் ஒவ்வாது என்று உடம்பு ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் அப்புறம் அதை மறப்பதே இல்லையாம். அந்த ஜாதி திரவம் துளி பட்டாலும் மறுபடி கிளம்பும். ரவிக்கையில் கல் ஒட்டுகிற அதே ஜாதிப் பசை ஒன்று பட்டு ஏற்கெனவே ஒரு முறை கிளம்பிவிட்டது. கல் வைக்காத ஆரி ஒர்க்கை இன்றைக்கு எந்தக் கல்யாணப் பெண் கேட்கிறாள்? மார்க்கெட் தெருக் கடைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வரும் வழியில் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தேவராஜ் புது அட்டையைக் காட்டினார். கீழே தடித்த எழுத்தில்: ‘சீருடையைத் தொழிற்சாலைக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.’

எஸ்தர் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்: “இது உனுக்குப் போட்டது. எனுக்கு எதுனா எழுதிக்கீதா இதுல?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தேவராஜ் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினேன். கிடைக்கவில்லை.

வாசகர்கள் ஒரு வாரம் மன்னிக்க வேண்டும். காலம் கடந்த பிறகு எழுதுகிறேன் என்று தெரியும். இருந்தாலும் இந்தக் கடைசி வரி உங்களுக்கு இல்லை.

எஸ்தர், நீ துவைக்காதே.