சந்து முனையில் சுண்ணாம்புக் கோடு

எங்கள் சித்தப்பா வீட்டில் மனிதர்களைவிடப் புழுக்களுக்குத்தான் மரியாதை அதிகம். ஹனூர் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும், வீட்டை ஒட்டி ஓடு போட்ட நீளமான ஓர் அறையும் இருந்தன. பட்டுப்புழு வளர்க்கும் அந்த அறையைப் புழு வீடு என்பார்கள். நாங்கள் படுத்துக்கொள்ளும் அறைக்கு ஜன்னல் கிடையாது. புழு வீட்டுக்கு நாலு பக்கமும் ஜன்னல், எல்லாவற்றிலும் ஈ நுழையாத வலை. வாசல்படியில் சுண்ணாம்புத் தூளைப் பட்டையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். செருப்பைக் கழற்றி, தொட்டியில் கலந்திருக்கும் மருந்துத் தண்ணீரில் கைகால் கழுவி, அந்தச் சுண்ணாம்பை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

அப்பா மைசூரில் கொத்தனார். ஒருமுறை நாங்கள் சித்தப்பா ஊருக்குப் போனபோது, வழியில் வேறொரு உறவுக்காரர் வீட்டுக்குப் போய் அவர்களுடைய புழுக்களையும் பார்த்துவிட்டு வந்ததாக அப்பா பேச்சுவாக்கில் சொன்னார். சித்தப்பா எழுந்து போய்ப் புழு வீட்டுக் கதவை மறித்து நின்றுகொண்டார்.

"அங்க புழுவுக்கு நோவு வந்திருக்குதுண்ணா. நீ உள்ள வர வேண்டாம்."

"காலக் கழுவிட்டேனேடா."

"கழுவுனாலும் வேண்டாம்."

அப்பா சிரித்தார். ஆனால் முகம் சிரிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கொள்ளேகால் தாண்டியதும், "கூடப் பொறந்தவன் வாசல்ல நிக்கறான், புழு உள்ள படுத்துத் தின்னுக்கிட்டுக் கெடக்குது" என்றார். அதன்பிறகு ரேஷன் கடையிலோ எங்கேயோ யாராவது அவரைக் காக்க வைத்தால், "நானும் புழுவாப் பொறந்திருக்கலாம்" என்பது அவர் வழக்கமாகிவிட்டது.

அன்று அப்பா வாசலில் நிற்க, நான் வலை ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்து, உடம்பு வீங்கிப் பால்போல நீர் கசியும் புழுக்களைக் குச்சியால் இடுக்கி எடுத்து, கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பு நீரில் போட்டாள். அவை கொஞ்ச நேரம் நெளிந்துவிட்டு அடங்கின. பிறகு குழி தோண்டிப் புதைத்துவிடுவார்களாம். நான் பார்ப்பதைக் கண்ட சித்தி, "நோவு வந்ததத் தனியா எடுத்தாத்தான் மத்ததெல்லாம் கூடு கட்டும் கண்ணு" என்றாள். சித்திக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். அவளுக்கு முதலில் பிறந்த பெண்குழந்தை எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டதென்று எனக்குத் தெரியும். அதற்குமேல் யாரும் சொன்னதில்லை. எனக்கும் கேள்வி கேட்கிற பழக்கம் கிடையாது, இன்றுவரை.

மைசூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு வட்டாரத்தில். ஒரே சொந்தக்காரருக்குரிய வரிசை வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். அதைத்தான் இங்கே வட்டாரம் என்போம். எங்கள் வீடு முதல் வீடு, ஜன்னல் சந்தைப் பார்த்திருக்கும். அந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில், பள்ளியில் என் பெஞ்சில் உட்காரும் பெண் பல நாட்களாக வரவில்லை. டீச்சர் கேட்டதற்கு, மாமா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவளுடைய தம்பி சொன்னான். கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னான்.

கொஞ்ச நாளில் எனக்கும் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலை அம்மா என் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வயிற்றில் நீர் கோத்த கொப்புளங்கள். நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. "அம்மா வந்திருக்கா" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாளும் வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்த்ததும் "அம்மா" என்றே சொல்லிக் கும்பிட்டு, எட்டிப் பார்த்த தன் மகனை, வேண்டாமென்று "பேடா பேடா" சொல்லி இழுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் வீட்டில் அதற்கென்று சில கட்டுகள் உண்டு. தாளிக்கக் கூடாது. தலை சீவக் கூடாது. வந்தவர்களை வா என்று சொல்லக் கூடாது, கிளம்புகிறவர்களைப் போ என்றும் சொல்லக் கூடாது. வந்ததும் போவதும் அம்மனுடைய இஷ்டம். கொப்புளம் போட்ட பிள்ளையைத் திட்டக் கூடாது, ஏனென்றால் அப்போது பிள்ளை வேறு அம்மன் வேறு இல்லை. இந்தக் கடைசிக் கட்டு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தண்ணீர் கேட்டால்கூட அம்மா "தாயி" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஆனால் வீட்டில் வேறொரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு சித்தி மறுபடி உண்டாகியிருந்தாள். குழந்தை தலை திரும்பாமல் இருக்கிறது, பிரசவத்துக்கு மைசூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று கொள்ளேகால் டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பி வருவதாகவும், பிரசவம் வரை எங்கள் வீட்டில் தங்குவதாகவும் சித்தப்பா பஸ் கண்டக்டர் மூலம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் ஊரில் போன் இல்லை.

அப்பா வேலைக்குப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். தடுப்புக்கு மறுபுறம் அவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது பாயில் கிடந்த எனக்குக் கேட்டது. இது மூச்சுக் காற்றிலேயே பரவுமாம். கொப்புளம் வெளியே தெரிவதற்கு முன்பே பரவ ஆரம்பித்துவிடுமாம். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை ஆபத்துதானாம். இதற்குமுன் வராத கர்ப்பிணிக்குப் பிரசவ நேரத்தில் வந்தால் பிறக்கிற குழந்தையும் தாங்காதாம்.

"அவளுக்கு இதுவரைக்கும் வந்ததில்லை" என்றாள் அம்மா. பிறகு, "வாயும் வயிறுமா வர்றவளச் சந்துலயே நிறுத்துனா ஊரு என்ன சொல்லும்?" என்றாள்.

"ஊரு சொல்றதச் சொல்லட்டும். மறுபடியுமா?" என்றார் அப்பா.

அண்ணன் தம்பிக்குள் மறுபடியும் வாசல் சண்டையா என்று அப்பா கேட்கிறார் என நான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டையை அவிழ்த்தார். இரும்புச் சட்டியில் கொட்டிக் கட்டிகளைக் கரண்டியால் தட்டி உடைக்கும் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் நீர் கசிய, வேப்பந்தழைமேல் தனியாகக் கிடந்தேன். எங்கள் குடும்பத்தில் நோவு வந்ததை என்ன செய்வார்கள் என்று நான் கண்ணால் பார்த்தவள். என்னை எப்படித் தூக்குவார்கள் என்றுகூட யோசித்தேன். குச்சி போதாது.

அம்மா வந்து "ஏன் தாயி அழுவற?" என்று கேட்டாள். அரிக்கிறது என்று சொன்னேன்.

காலையில் நான் இன்னும் பாயிலேயே இருந்தேன். எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். சந்து தொடங்கும் இடத்தில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே, சந்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது. புழு வீட்டு வாசலில் இருப்பதுபோலவே கை அகலத்துக்குக் கொட்டிய சுண்ணாம்புத் தூள். வட்டாரத்துக்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பால்காரர், "வீட்டுக்கு வெள்ளையடிப்பாங்க, நீ ரோட்டுக்கு அடிக்கறயே" என்று அப்பாவைக் கேலி செய்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார்.

வெயில் சந்துக்குள் வந்த பிறகு அவர்கள் வந்தார்கள். சித்தப்பா கையில் பை, தலையில் ஒரு மூட்டை. பின்னால் சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். அப்பா எழுந்து நின்றார். வா என்று சொல்லக் கூடாது, போ என்றும் சொல்லக் கூடாது. வெறுமனே நின்றார்.

சித்தப்பா கோட்டருகே வந்ததும், யாரும் சொல்லாமலே அவர் கால் செருப்பைக் கழற்றப் போனது. அப்புறம்தான் தான் நிற்பது மைசூர் என்று தெரிந்து தலை நிமிர்ந்தார்.

"என்னண்ணா இது?"

சித்தப்பாவின் முகம் சிவந்தது.

"அன்னைக்கு வாசல்ல நிறுத்துனனே, அதுக்கா? இத்தனை வருசம் வச்சிருந்து, இவ இப்படி வர்ற நாளாப் பார்த்துத் திருப்பிக் குடுக்கறயா?"

"குடுக்கறேன்னே வச்சுக்க" என்றார் அப்பா. "உங்க வீட்டுல எதுக்குடா போடுவீங்க இதை?"

சித்தப்பா கோட்டைப் பார்த்தார். சந்துக்குள், எங்கள் வாசலில் இருந்த வேப்பிலையைப் பார்த்தார். சட்டென்று அவருடைய கை பக்கவாட்டில் நீண்டு, அடுத்த அடி வைக்க வந்த சித்தியைத் தடுத்தது.

"யாருக்கு?"

"பாப்பாவுக்கு."

"அம்மா எப்ப வந்தா?"

"நேத்து."

அவ்வளவுதான் பேச்சு. புழு வீட்டுச் சண்டை அந்த இடத்தில் முடிந்துபோனதென்று இப்போது தோன்றுகிறது. சுண்ணாம்புக்கு அந்த நோயைத் தடுக்கும் சக்தி எதுவும் கிடையாது. ஆனால் சித்தப்பாவைத் தடுக்கும் சக்தி இருந்தது.

சித்தி கோட்டைத் தாண்டவில்லை. அவள் பார்வை ஜன்னலைத் தேடி என்னைக் கண்டுபிடித்தது. தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுடையது; மெதுவாகப் பேசினாலும் கேட்கும். "நகம் படாமப் பாத்துக்கோங்க அக்கா" என்று அம்மாவுக்குச் சொன்னாள். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இந்தத் தடவை விட்டுக் குடுத்துரு தாயி. உனக்குக் கூழு ஊத்தறேன். இந்தத் தடவை விட்டுக் குடுத்துரு."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வீட்டுக்குள் வர முடியாததற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். என்னை ஒரு பெரியவர் அப்படிக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. பயமெல்லாம் போய்விட்டது. எங்கள் சுவரில் தொங்கிய காலண்டரில் அம்மன் வலது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பாள். நானும் அதேபோல ஜன்னலில் கையைத் தூக்கிக் காட்டினேன். சித்தி அதைப் பார்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா சித்தப்பா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவர்கள் இருவரும் அவர் பின்னால் போனார்கள்.

அப்போது அப்பா விஜயநகரில் ஒரு புது வீட்டுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். மேஸ்திரியிடம் கேட்டு, அந்த வீட்டில் கதவு மாட்டியிருந்த ஒரே அறையைச் சுத்தம் செய்து வைத்திருந்தார். அங்கேதான் சித்தியைத் தங்க வைத்தார்கள். துணைக்கு வேலைக்கு வரும் ஒரு சித்தாள் அக்கா படுத்துக்கொண்டாள். புழு தோல் உரிக்கும் நாலாம் தூக்கத்தில் இருந்தது, விழித்ததும் தழை போட ஆள் வேண்டும் என்பதால் சித்தப்பா அன்றே ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பால் காய்ச்சாத வீட்டில் பிள்ளைத்தாச்சியைப் படுக்க வைத்தான் என்று உறவில் பேசத்தான் செய்தார்கள்.

அப்பாவும் அங்கேயே இருந்துகொண்டார். அவருக்குச் சிறுவயதிலேயே இது வந்துபோன தழும்பு மூக்கில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்துபோனால் ஒன்றும் ஆகாது என்றுதான் டாக்டர் சொன்னாராம். அப்பா இந்த விஷயத்தில் டாக்டரைவிடத் தம்பியைத்தான் நம்பினார். ஒரு புழு வீட்டைப் பார்த்தவன் இன்னொரு புழு வீட்டுக்குள் போகக் கூடாது. காலையில் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, இளநீரும் வேப்பந்தழையும் வைத்துவிட்டு, அம்மாவிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மன் பாயில் படுத்து அழுதுகொண்டிருந்தாள்; அவளுக்கு அப்பாமேல் ஏகப்பட்ட கோபம்.

பொருக்கெல்லாம் உதிர்ந்தபின் அம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினாள். அன்று அப்பா விளக்குமாறால் சுண்ணாம்புக் கோட்டைக் கூட்டித் தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தார். இனி வா என்று சொல்லலாம்.

"வா கண்ணு" என்றார்.

நான் போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"புழு கோவிச்சுக்கிச்சு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெயில் என்று நினைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சித்திக்கு ஆபரேஷன் செய்து ஆண்குழந்தையை எடுத்தார்கள். அந்தத் தம்பி இப்போது சாமராஜநகரில் வேலை பார்க்கிறான். எங்கள் வீட்டு நிலையில் குனிந்துதான் நுழைவான், அவ்வளவு உயரம். சித்தி சொன்னபடியே கூழ் ஊற்றினாள். முதல் கிண்ணத்தை எனக்குத்தான் கொடுத்தாள்.

எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கு அம்மாதான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. அம்மா அதைத் தோளில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

நான் நடை பழகியிருந்த வயதில், மாரியம்மன் திருவிழாவுக்கு என்னைச் சித்தப்பா ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, கண் சிவந்திருந்தது. சளிதானே என்று அம்மா நினைத்திருக்கிறாள். சித்தி என்னைத் தன் குழந்தையோடு ஒரே தொட்டிலில் போட்டு ஆட்டினாளாம். திருவிழா முடிவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் மணல்போலத் தட்டம்மை வாரிப் போட்டது. எனக்குச் சரியாகிவிட்டது. எட்டு மாதக் குழந்தைக்குச் சரியாகவில்லை.

"ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லடி அவ" என்றாள் அம்மா.

நான் சித்தியிடம் இதைப் பற்றிக் கேட்டதே இல்லை. அவள் உயிரோடு இருந்தவரை, போகும்போதெல்லாம் கேட்க நினைத்து, காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவேன். இந்தத் தடவை என்று ஒருவர் சொன்னால் அதற்கு முன்னால் ஒரு தடவை இருந்திருக்க வேண்டும். அது தெரியாத வயதில்தான், கோட்டுக்கு அந்தப் பக்கம் வயிற்றோடு நின்று கும்பிட்டவளைப் பார்த்து, காலண்டர் அம்மன்போல நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.