மாட்டுக்குச் சொன்ன வாய்ப்பாடு

எண்பதுகளில் கீழ்க்கட்டளையில் மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுப்பார்கள். தண்ணீர் கலக்கவில்லை என்று கண்ணால் பார்த்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி. அவள் சொம்போடு பின்னால் நிற்பாள். நான் தலைப்பக்கம் நின்று மாட்டின் காதில் மெல்ல வாய்ப்பாடு சொல்வேன். வகுப்பில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாட்டிடம் தடங்கலில்லாமல் வரும். நான் என்ன சொல்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

கன்று செத்துப்போன பிறகு, நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த மாடு பாலை அடக்கிக்கொள்ள ஆரம்பித்தது.

மூன்றாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, என்னைத் தெருப்பக்க அறையில் படுக்க வைத்தார்கள். மூன்று நாளாக மாடு சரியாகப் பால் விடவில்லை.

"இன்னிக்கும் வுடலன்னா வெள்ளிக்கெழம சந்தைக்கு ஓட்டிக்கினு போயிடுவேன்மா. சும்மா வச்சுத் தீனி போட என்னால ஆவாது," என்றார் பால்காரர்.

ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போர்வைக்குள் அழுதேன்.

அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. என் பள்ளிக்கூடப் பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டின் எதிரே போய் நின்றார். அது பாவாடையை முகர்ந்தது. அப்பாவைப் பார்த்தது. வாளியை உதைத்தது.

"மூஞ்சிய அந்தாண்ட திருப்பு சார், மாடு பயந்துக்கிது!"

எதிர் வீட்டில் சிரிப்பு கேட்டது. நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தேன்.

"அதுக்கு வாய்ப்பாடு சொல்லணும்," என்றேன்.

"அப்போ சொல்லித் தொலையேன்!" என்று அப்பா கத்தினார். அம்மா பதறிப்போனாள். அம்மை கண்ட பிள்ளையை அதட்டக் கூடாது, வந்திருப்பது மாரியம்மன். ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தாயே, கோச்சுக்காதே. மாட்டுக்குக் கேக்கற மாதிரி கொஞ்சம் சத்தமா சொல்லும்மா."

அப்பாவும் பாவாடையோடு கும்பிட்டார். தெருவே என்னைப் பார்த்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஓரேழு ஏழு," என்றேன். குரல் ஜன்னலைத் தாண்டவில்லை. சந்தையை நினைத்துக்கொண்டு கத்தினேன். "ஆறேழு நாற்பத்திரண்டு" வரும்போது வாளியில் சர் சர்ரென்று சத்தம்.

"நிறுத்தாத பாப்பா, மடில இன்னும் கீது!"

எனக்குப் பத்தாம் வாய்ப்பாடு வரைதான் தெரியும். அது முடிந்தும் பால்காரர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாசலில் மாட்டைக் கட்டிவிட்டு, பால்காரர் ஜன்னலைத் தட்டினார். "எழுந்துட்டியா பாப்பா? அது காத்துக்கினு கீது."