பச்சையாகவே நின்ற களை

ஆண்டியப்பண்ணனைத் திருடன் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷமாகக் களைமருந்து அடிப்பவர் அவர். முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு இறங்கினால் யாராவது குறுக்கே வந்தாலும் வைவார், வராவிட்டாலும் வைவார். அடித்து முடித்ததும் அந்த இடத்தின் நாலு மூலையிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார். துணி நிற்கும்வரை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அங்கே மாட்டுக்குப் புல் அறுக்கமாட்டோம். பத்து நாளில் களை மஞ்சளாகிக் கருகும். கருகி, ஒரு மழையும் பெய்த பிறகுதான் துணியை அவிழ்ப்பார்.

இந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து மழையே இல்லை. தோட்டத்து மாட்டுப்பட்டிக்கான புல்வெளியில் புல்லெல்லாம் காய்ந்துபோய், அகல இலைக் களை மட்டும் நின்றது. அதற்கு மருந்து அடிக்கும்படி, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொன்னார்.

"இப்ப வேணாங்கய்யா. வெயில்ல எலை தடிச்சுச் சுருண்டு கெடக்கு, மேலெல்லாம் புழுதி. மருந்த உள்ள இழுக்காது. ஒரு மழை பேஞ்சு தளிர் விடட்டும்," என்றார் அண்ணன்.

"சொன்னத செய்யி. தொரை பாக்க வர்றாரு."

அடித்தார். துணியும் கட்டினார். பத்து நாள் போயிற்று, பதினைந்து நாளும் போயிற்று. களை லேசாக வாடியதோடு சரி, பச்சையாகவே நின்றது. தோட்டத்தை நடத்தும் துரை வந்து கேட்டபோது கண்டாக்கையா தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். ஆண்டியப்பன் மருந்தை வெளியே விற்றுவிட்டு வெறும் தண்ணீரை அடித்திருக்கிறான் என்று பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லி, மருந்து வேலையிலிருந்து அவரை நிறுத்தினார். அத்தனை பேரும் கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம்.

உள்ளதைச் சொன்னால், அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. என் செவலைப் பசு எட்டு மாதச் சினை. லயத்தைச் சுற்றி ஒரு பிடி பச்சை கிடையாது. காய்ந்த வாழை இலையைத் தின்றுகொண்டு என்னையே பார்க்கும். தண்ணீர் அடித்த இடத்துக்குத் துணி எதற்கு? அவரை நிறுத்திய மூன்றாம் நாள் காலையில் அந்தப் புல்வெளிக்குப் போய்க் கம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அரிவாளோடு குனிந்தேன்.

அண்ணன் மேல் ரோட்டிலிருந்து ஓடி வந்தார். "லெச்சுமி, அத அறுக்காத தாயி. மருந்து அடிச்ச எடம். மஞ்சளாவலங்கிறதுக்காக மருந்து இல்லன்னு ஆயிராது."

"தண்ணி தானண்ணே அடிச்சீங்க?" என்றேன்.

வைவார் என்றுதான் எதிர்பார்த்தேன். வையவில்லை. கீழே கிடந்த கம்பை எடுத்து மறுபடி நட்டு, துணியை இறுக்கிக் கட்டினார். நான் களையை அறுத்துக் கட்டி, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

பசு ஆசை ஆசையாகத் தின்றது. மறுநாள் விடிந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. ஹட்டனிலிருந்து மாட்டு டாக்டர் வந்து சேருவதற்குள் கண் செருகிவிட்டது. வறட்சியில் சில களைகளில் தானாகவே விஷம் சேர்ந்துவிடும், மருந்து பட்ட களையோ மாட்டுக்கு இன்னும் ருசிக்கும், எது கொன்றது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது என்றார். எங்கள் சனத்துக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை.

"அப்ப ஆண்டியப்பன் மருந்துதான் அடிச்சிருக்கான்," என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மா. எல்லாரும் தலையாட்டினார்கள். மத்தியானத்துக்குள் விஷயம் கண்டாக்கையா காதுக்கும் போய், நாளையிலிருந்து டாங்கியை எடுக்கலாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

பசுவைப் பார்க்க வந்திருந்த அண்ணன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பசுவின் வயிற்றில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே கன்று அசைகிறதா என்று பார்த்தார் போல. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"நான் தண்ணியவே அடிச்சிருக்கலாம் லெச்சுமி," என்றார்.