மேட்டில் நின்ற கால்

வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் அம்மாவின் ஸ்டூல் ஆடுகிறது. மாத்தளை டவுனில் நாங்கள் கட்டிய வீட்டின் டைல்ஸ் தரையில் டக், டக் என்று சத்தம் வேறு. என் கணவர் மரம் அறுக்கும் வாளோடு வந்துவிட்டார்.

இதே ஆட்டத்தை யட்டவத்தையில், எங்கள் பழைய குசினியில் பார்த்திருக்கிறேன். அடுப்படியில் உட்கார அம்மா ஒரு ஸ்டூல் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா, "ஞாயித்துக்கிழமை செஞ்சி தாரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிறு அம்மாவே பலாப்பலகையை எடுத்துவிட்டார். அளவு நாடா ஏது? விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி, தன் முழங்காலிலிருந்து குதிகால் வரை வைத்து ஒடித்தார். நாலு காலுக்கும் அதுதான் அளவு.

அடுப்பருகே வைத்ததும் ஸ்டூல் ஆடியது. மேடும் பள்ளமுமான மண் தரை அது.

"ஒரு கால நீளமா வச்சிட்டியே," என்று அப்பா சிரித்தார்.

"காலெல்லாம் சரிதாங்க. தரைதான் சரியில்ல," என்ற அம்மா, மேட்டில் நின்ற காலை மட்டும் செதுக்கிச் செதுக்கி, அந்த இடத்துக்கென்றே அதை நிறுத்தினார். பிறகு அது அசையவே இல்லை. யாராவது இடம் மாற்றிப் போட்டால்தான் வீட்டில் சண்டை.

அந்த வீடு மண்சரிவில் போய்விட்டது. அந்த மேடு இந்தக் குட்டைக் காலில் மட்டும்தான் மிச்சம்.

"மத்த மூனு காலையும் கொஞ்சம் அறுத்தா ஆட்டம் நின்டுரும்," என்று கணவர் ஸ்டூலைக் கவிழ்த்தார்.

நான் அதைப் பிடுங்கி நிமிர்த்தி உட்கார்ந்தேன். டக்.

"காலெல்லாம் சரிதாங்க," என்றேன். "தரைதான் சரியில்ல."