மேஜைக்கடியில் ஒரு பை

அந்தக் கதையைக் கேட்காதவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கல்யாணமோ சீமந்தமோ, சாப்பாடு முடிந்து நாலு பேர் வெற்றிலை போட உட்கார்ந்தால் போதும், யாராவது ஒருவர் என்னைக் காட்டி, "இவ வெடிகுண்டு கண்டுபிடிச்ச கதை தெரியுமோ?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்து வைப்பேன். அறுபது வருஷத்துக்கு மேல் அப்படிச் சிரித்தாயிற்று. வெட்கங்கெட்ட ஜன்மம்.

யுத்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்பாவைக் கம்பெனி கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்ததால் அம்மாவும் நானும் பம்பாய் மாட்டுங்காவில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பா ஃபோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க். ஆபீஸ் ஆறு மணிக்கு மூடிவிடும், அவர் மூடமாட்டார். கூடத்தில் பெரிய தேக்கு மேஜை போட்டு அதன் பின்னால் உட்கார்ந்துகொள்வார். பால் பொங்கி வழிந்தால் பெரியம்மா எக்ஸ்ப்ளநேஷன் எழுதித் தர வேண்டும். அக்கா சிநேகிதி வீட்டுக்குப் போக லீவ் லெட்டர் வைக்க வேண்டும். சிவப்பு ஒரு முனை, நீலம் ஒரு முனையாக அவரிடம் ஒரு பென்சில் இருந்தது. நீலத்தில் கையெழுத்து விழுந்தால் போகலாம். சிவப்பில் கோடு விழுந்தால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அந்தப் பென்சில் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

அக்கா என்றால் பெரியப்பாவின் பெண். மெட்ரிக் பாஸ் பண்ணியிருந்தாள், வயது பதினேழு. அவளைப் பாலக்காட்டுப் பக்கத்தில் ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுப்பதென்று பெரியப்பா நிச்சயம் பண்ணிவிட்டார். மாப்பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயது, மூத்த சம்சாரத்தின் குழந்தைகள் இரண்டு. ஆடி மாசமானதால் எல்லாம் நின்றிருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். அக்காவுக்கோ புனாவில் வாத்தியார் ட்ரெயினிங் படிக்க ஆசை. லீவ் லெட்டர் மாதிரியே அதையும் எழுதி மேஜை மேல் வைத்தாள். சிவப்புக் கோடு விழுந்தது.

அந்த ஆடியில்தான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. ஜெர்மனியின் சர்வாதிகாரியை அவனுடைய பட்டாள ஆபீஸர்களே கொல்லப் பார்த்தார்களாம். சித்தப்பா, பெரியப்பாவின் கடைசித் தம்பி, கல்யாணமாகாதவர், எனக்கு அதை நடித்தே காட்டினார். "ஒருத்தன் பைக்குள்ள குண்டை வெச்சு மேஜைக்கடியில தள்ளிட்டு, இதோ போன் பேசிட்டு வரேன்னு வெளியில போயிட்டான். குண்டு வெடிச்சுது. கூரை போச்சு, பக்கத்துல நின்னவா போனா. அந்த சர்வாதிகாரிக்கு என்ன ஆச்சு தெரியுமோ? நிஜார் கிழிஞ்சுது!"

"போகட்டும், அவன் ஆட்டம் முடிஞ்சது. சொந்தப் பட்டாளமே திரும்பிடுத்தே" என்றார் சித்தப்பா.

பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அசடு. தப்பிச்சவன் சும்மா இருப்பானா? தெய்வமே காப்பாத்தித்துன்னு ஊரைக் கூட்டிச் சொல்லுவான். கூட இருந்தவனெல்லாம், 'நான் இல்லை, நான் இல்லை'ன்னு அவன் கால்ல விழுவான். இனிமேதாண்டா அவன் ஆட்டம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலை பெரியப்பா வீட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவார். அலமாரி, டிரங்குப் பெட்டி, பரண், அரிசி டின் எதுவும் தப்பாது. அவர் குனிந்து பார்க்காத ஒரே இடம் அவருடைய மேஜையடி. விளக்கடியில்தானே இருட்டு! இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து பெரியப்பா மேஜைக்கு வந்து பேப்பரைப் பிரித்தார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "தாதர் வரைக்கும் போயிட்டு வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் அவசரமாகவே படியிறங்கினார்.

நான் மேஜைக்குப் பக்கவாட்டில் குளிர்ந்த தரையில் குப்புறப் படுத்திருந்தேன். பெரியப்பாவின் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு காக்கித் துணிப்பை இருந்தது.

மேஜை, பை, வெளியே போன ஆள். என் நெஞ்சு படபடவென்று அடித்தது நிஜம். ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது எங்கள் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்ட சத்தம் இன்னும் காதில் இருந்தது. குண்டு என்றுதான் முதலில் நினைத்தேன். இதுவரைக்கும் குடும்பத்துக்குத் தெரியும்.

அவர்களுக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். நான் ஊர்ந்து போய்ப் பையின் வாயைப் பிரித்துப் பார்த்தேன். மேலேயே அக்காவின் மரச்சீப்பு இருந்தது. ஒரு பல் உடைந்த சீப்பு. தினம் காலையில் அதை வைத்துத்தான் எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவாள். அதன் கீழே மாம்பழ நிறப் புடவை. அதை முந்தின நாள் பெரியம்மா மடித்துக் கொடுத்ததை நானே பார்த்திருந்தேன். "எங்கேக்கா போறே?" என்று கேட்டதற்கு அக்கா, "எங்கேயும் இல்லை, போய் விளையாடு" என்று சொல்லியிருந்தாள்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் பொய்! நாளைக்கு எனக்கு யார் தலைவாரிவிடுவது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சீப்பை உருவி என் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். வெளியே ஊர்ந்து வந்தேன். அப்புறம்தான் கத்தினேன்.

"பெரியப்பா! குண்டு! சித்தப்பா மேஜைக்கடியில குண்டு வெச்சுட்டார்!"

பெரியப்பா துள்ளி எழுந்ததில் வேஷ்டி நாற்காலி ஆணியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. கிழிந்த வேஷ்டியோடு மாடிப்படிக்கு ஓடினார். கட்டடமே கூடிவிட்டது. கீழ்வீட்டு மராட்டிக்காரர் தைரியசாலி. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பை மேல் ஊற்றி, கம்பால் அதை வெளியே இழுத்துக் கவிழ்த்தார். "அரே, யே தோ கப்டா ஹை!" என்று, வெறும் துணிதான் என்று காட்டிச் சிரித்தார். புடவை, ரவிக்கை, ஒரு கடிதாசு. அந்தக் கடிதாசு அக்காவின் மெட்ரிக் சர்ட்டிபிகேட். மை கரைந்து நீலமாகத் தரையில் ஓடியது.

கட்டடம் முழுக்கச் சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. கிழிசலைக் கையால் பிடித்துக்கொண்டு புடவையைப் பார்த்தார், அப்புறம் அக்காவைப் பார்த்தார். அக்காவை முதலில் அறைந்தது பெரியம்மா. புடவையை மடித்துக் கொடுத்த அதே கை. "குடியைக் கெடுக்க வந்தியேடி! எனக்கு ஒண்ணும் தெரியாது, பகவானே!" என்று அலறினாள். அம்மாவும், "எனக்கும் தெரியாது அண்ணா" என்றாள். அவளுக்கும் தெரியும் என்று அவள் குரலிலேயே தெரிந்தது.

சித்தப்பா மத்தியானம் புனா டிக்கெட் இரண்டோடு விசிலடித்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே அவர் டிரங்குப் பெட்டி இருந்தது. அப்புறம் அவர் வடாலாவில் ஒரு ரூமில் இருந்தார். பெரியப்பா செத்த அன்றைக்குத்தான் எங்கள் வாசலை மிதித்தார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் எக்ஸ்ப்ளநேஷன் எழுதினார்கள். அக்காவின் பாட்டு கிளாஸ் நின்றது. தபாலெல்லாம் மேஜைக்கு வந்துதான் உள்ளே போயிற்று. அதற்கு முன்னால் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கவாவது செய்வார்கள். இப்போது அதுவும் இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் என் தோளில் கை வைத்து, "பகவான் இந்தக் குழந்தை ரூபத்துல வந்து என் மானத்தைக் காப்பாத்தினார். சமத்து!" என்றார். சிவப்பு நீலப் பென்சிலை எனக்கே கொடுத்துவிட்டார். நான் அதை நாலு பேருக்குக் காட்டிக் குதித்தேன் என்று சொல்லும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. அக்கா ஊருக்குக் கிளம்பும் காலையில் என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார்த்திக்கொண்டாள். "சீப்பைக் கொண்டுவாடி" என்றாள். நான் யோசிக்காமல் ஓடிப்போய், என் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த அந்த ஒரு பல் போன சீப்பைக் கொண்டுவந்து நீட்டினேன்.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் தலையை நிதானமாக வாரினாள், சிக்கு எடுத்தாள், இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டினாள்.

"அன்னிக்கு நீ ரொம்பப் பயந்துட்டே, இல்லையா? குண்டுன்னு நெனச்சுத்தானே கத்தினே?" என்றாள்.

"ஆமாம்க்கா" என்றேன்.

"சமத்து" என்று என் தலையைத் தடவி, சீப்பை என் கையிலேயே வைத்து மூடினாள். "வெச்சுக்கோ. நாளையிலேர்ந்து நீயே வாரிக்கணும்."

அது எப்படி என்னிடம் வந்தது என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, நான் சந்தோஷமாக வண்டி வரைக்கும் கூடவே ஓடினேன்.